நான் வெட்டாமல் விட்ட கவர்

எனக்கு ஒன்பது வயதில் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்ததே தாத்தாதான். ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த கடிதங்களையெல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். வகுப்பில் பாதிப் பேர் ஸ்டாம்ப் சேர்த்த காலம் அது. "தலையை மட்டும் வெட்டிக்க, கடுதாசியக் கிழிச்சுடாதே" என்று டின்னை என் பக்கம் தள்ளினார். கடிதங்களை வெளியே எடுத்து அடுக்கிவிட்டு, கவர்களின் வலது மேல் மூலையைச் சதுரமாக வெட்டினேன். பேசினில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு, பசை கழன்ற தலைகளைத் தமிழ் முரசு நாளிதழின் மேல் கவிழ்த்துக் காயவைத்தேன். மிச்சக் காகிதம் குப்பைக்குப் போனது. நூறு கவருக்குக் குறையாமல் இருக்கும்.

சில தப்பின. ஒரே தலை பத்துக்கு மேல் சேர்ந்ததும் சலித்துப்போய் அந்த வகையை விட்டுவிட்டேன். ரிஜிஸ்டர் கவர்கள் நீலக்கோடும் கிறுக்கலுமாக இருந்ததால் பிடிக்கவில்லை. இன்னொன்றை எடுத்துப் பார்த்து முகம் சுளித்துத் திரும்ப டின்னுக்குள் போட்டது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதில் இரண்டு தலைகள், இரண்டின் மேலும் மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு முத்திரை. இந்திய வரைபடம் போட்ட தலைதான், ஆனால் வரைபடமே தெரியவில்லை. ஆல்பத்துக்கு லாயக்கில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்பா தவறிய பிறகு 2013இல் அங் மோ கியோ வீட்டைக் காலி செய்தபோது அந்த டின் மறுபடி கைக்கு வந்தது. எண்ணிப் பார்த்தேன், 23 கவர். எல்லாம் தாத்தா சிங்கப்பூர்த் துறைமுகத்தில், ஹார்பர் போர்டில், வேலை பார்த்த காலத்தில் வந்தவை. கறுப்பு முத்திரைக் கவரும் இருந்தது. இம்முறை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். முத்திரையின் வட்டத்துக்குள் ஊர்ப்பெயர் இல்லை. ஆர்.எம்.எஸ். என்று மூன்று எழுத்து, 'டி' என்று ஓர் எழுத்து, மங்கலாக ஓர் எண், 'அவுட்' என்று ஒரு சொல், நடுவில் தேதி. தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "ஸ்டாம்ப் பாழாயிடுச்சு, ஒரு வெள்ளிகூடப் போகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தானே சொன்னேன்!

ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஆர்.எம்.எஸ். என்றால் விளக்க வேண்டியதில்லை. திருச்சி ஜங்ஷனிலோ எழும்பூரிலோ அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். இங்கே பிறந்த எனக்கு அது புதுசு. ரயில்வே மெயில் சர்வீஸ், அதாவது அந்தக் காலத்தில் ஓடுகிற ரயிலிலேயே ஓர் அஞ்சலகம். பெட்டிக்குள் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். ஊழியர்கள் நின்றபடி கடிதங்களைப் பிரித்து அறைகளில் போடுவார்கள். வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பை இறங்கும், ஒரு பை ஏறும். இந்தியாவில் இது 1864இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் நடுவே தொடங்கியது. ரயில்வே மெயில் சர்வீஸ் என்ற பெயர் 1907இல் வந்தது. பிரிட்டனில் அதற்கும் முன்பே, 1838இல், குதிரை ஏற்றுகிற பெட்டியொன்றை மாற்றியமைத்து ஓட்டிப் பார்த்தார்கள். 1963இல் லண்டன் போகும் வழியில் கொள்ளை போனதே ஒரு ரயில், அதுவும் இப்படித் தபால் பிரித்துக்கொண்டே ஓடிய ரயில்தான்.

பிரித்தவர்கள் கையில் ஒரு முத்திரையும் இருந்தது. அந்த முத்திரை விழுந்த கவர்களைத் தேடுவதுதான் இப்போது என் வேலை. மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள், அது இங்கே வேண்டாம்.

முதல் இரண்டு வருஷம் கண்டதையெல்லாம் வாங்கினேன். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை அப்போது இருந்தது, 2017 ஜூலையில்தான் மூடினார்கள். அங்கே ஒரு பிஸ்கட் டின் நிறையத் தமிழ்க் கடிதங்கள் 20 வெள்ளிக்குக் கிடைத்தன. யாரோ வீடு மாறும்போது தூக்கிப்போட்டவை. அவற்றில் ஏழு கவர்களில் ரயில் முத்திரை இருந்தது. இணையத்தில் வாங்கும்போது ஒரு பாடம் சீக்கிரமே கிடைத்தது. விற்பவர்கள் முன்பக்கப் படத்தை மட்டும்தான் போடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தலைதான் சரக்கு. எனக்கு வேண்டியது பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கிறது. அதனால் வாங்கும் முன் பின்பக்கப் படம் கேட்பேன். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுவேன்.

குறிப்பாக ரிஜிஸ்டர் கவர்கள். சாதாரணக் கடிதத்தில் வழிநெடுக முத்திரை குத்திக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. ரிஜிஸ்டர் தபால் என்றால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கணக்கோடு மாற வேண்டியிருந்தது. அதனால் அதன் முதுகில் முத்திரைகள் வரிசையாக விழும். சிறுவயதில் பிடிக்காமல் விட்டேனே, அந்த நீலக்கோட்டுக் கவர்கள், அவற்றில் ஒன்றின் பின்பக்கம் மூன்று ரயில் முத்திரைகள் இருக்கின்றன. தேதிகளை வரிசைப்படுத்தினால் எந்த இரவில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

இதெல்லாம் தெரிந்துவிட்டது என்ற தெம்பில் ஒரு தப்பும் செய்துகொண்டிருந்தேன். 'அவுட்' என்றால் நாட்டைவிட்டு வெளியே போகும் தபால், 'இன்' என்றால் உள்ளே வருவது என்று நானே ஒரு பொருள் கண்டுபிடித்தேன். என் கவர் சிங்கப்பூருக்கு வந்தது, அதில் 'அவுட்' இருந்தது, பொருந்திப்போயிற்று. ஒரு வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொன்னேன். சேகரிப்பவர்கள் கூடும் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் பேசவே செய்தேன். கைதட்டினார்கள்!

அப்புறம் கூட வேலை பார்க்கும் நண்பரின் அப்பா ஊரிலிருந்து வந்தார். செங்காங்கில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தார். திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் கடிதம் பிரிக்கும் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று நண்பர் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னபோது, எனக்குக் காபி தொண்டையில் இறங்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரியவர் கவரை வாங்கியதும் செய்த முதல் காரியம், அதைத் திருப்பியதுதான். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கத்துக்கு வந்தார். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் கை மறக்கவில்லை.

"அவுட்டுன்னா வெளிநாடா? யாரு சார் சொன்னா?" என்று சிரித்தார். யார் என்று நான் சொல்லவில்லை.

அவர் விளக்கியது இதுதான். ஒவ்வொரு வழித்தடமும் ஒரு செக்‌ஷன். ஒவ்வொரு செக்‌ஷனும் ஒரு டிவிஷனைச் சேர்ந்தது. 'டி' என்றால் திருச்சி. இன்றைக்கு மதுரைக்கு 'எம்ஏ', கோயம்புத்தூருக்கு 'சிபி', சென்னைக்கு 'எம்'. செக்‌ஷன் எங்கிருந்து கிளம்புகிறதோ அந்தத் தலைமையிடத்தைவிட்டு வெளியே போகும் பயணம் 'அவுட்', அதே குழு திரும்பி வருவது 'இன்', அவ்வளவுதான். சில முத்திரைகளில் 'செட்' என்று ஓர் எண்ணும் இருக்கும். ஒரே செக்‌ஷனில் முறைவைத்துப் போகும் குழுக்களில் இது எந்தக் குழு என்பது அந்த எண். கடிதம் தப்பான பைக்குள் போயிருந்தால் யார் கை அது என்று கண்டுபிடிக்க வேண்டுமல்லவா?

அப்படியென்றால் என் கவரின் 'டி அவுட்' சொல்வது, திருச்சியைவிட்டு விலகிப் போகும் வண்டி. எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். கும்பகோணத்தில் ஏறி, மாயவரம் வழியாக மதராஸ் பக்கம் போயிருக்கிறது. வெளிநாட்டுக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை.

பெரியவர் அதோடு விடவில்லை. கவரை முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு, "தம்பி, இதுல ஊர் முத்திரை எங்கே?" என்றார். சார் எப்போது தம்பியானேன் என்று கவனிக்கவில்லை. நான் இத்தனை வருஷம் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தேன், என்ன இல்லை என்று பார்க்கவே இல்லை. ஒரு கடிதத்தை ஊர் அஞ்சலகப் பெட்டியில் போட்டால், அந்த ஊர் அஞ்சலகம்தான் தலைமேல் முத்திரை குத்தி அனுப்பும். ரயில் முத்திரை விழுந்தால் பின்பக்கம் விழும். இதில் ரயில் முத்திரையே தலைமேல் விழுந்திருக்கிறது, வேறு முத்திரை இல்லை. ஆக இது எந்த அஞ்சலகத்துக்கும் போகவில்லை. யாரோ நேராக நடைமேடைக்கு வந்து, ரயில் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் துளையில் போட்டிருக்கிறார்கள்.

"ரெண்டாவது தலை எதுக்குன்னு நினைக்கிறீங்க?" என்றார். கோணலாக ஒட்டிய சின்ன மதிப்புத் தலை. லேட் ஃபீ. ஊர்த் தபால் பெட்டியை எடுக்கும் நேரம் தாண்டி ரயிலில் கொண்டுவந்து போடுகிற கடிதத்துக்கு அப்போது கூடுதலாக ஒரு தலை ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டாவிட்டால், லேட் ஃபீ கட்டாததால் நிறுத்தி வைக்கப்பட்டது என்று ஒரு முத்திரை குத்தி அடுத்த தபாலோடுதான் விடுவார்கள். அந்த முத்திரை விழுந்த கவர்களை நான் அதுவரை சேதமானவை என்று ஒதுக்கியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒதுக்கிய பெட்டியைத் திறந்தேன். இரண்டு கிடைத்தன.

அவரிடம் கேட்டது இன்னும் நிறைய. எந்தக் கிராமம் எந்த அஞ்சலகத்தின் கீழ் வரும், அது எந்தப் பையில் போகும் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். கண் விலாசத்தைப் படிக்கும்போதே கை அறைக்குப் போய்விடுமாம். கோடையில் ஜன்னலைத் திறந்தால் கடிதம் பறக்கும், மூடினால் உயிர் போகும். வண்டி வளைவில் சாயும்போது முத்திரை இழுபடும். அதனால் ரயில் முத்திரை அச்சுக் குத்தினாற்போல் தெளிவாக இருந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். கோணலும் மங்கலும் அதன் குணம்.

சந்தேகம் என்றதும் 85 வெள்ளி நினைவுக்கு வருகிறது. இணையத்தில் ஒருவர் 1955ஆம் ஆண்டு ரயில் முத்திரைக் கவர் என்று விற்றார். நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூருக்கு, முத்திரை அருமையாக இருந்தது. வாங்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் தலையை நிதானமாகப் பார்த்தேன். மதிப்பு நயா பைசாவில் இருந்தது. இந்தியாவில் அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. பிறக்காத காசுக்கு எப்படி முத்திரை குத்துவார்கள்? விற்றவர் பணத்தைத் திருப்பவில்லை, பதிலும் இல்லை. அந்தக் கவரை ஆல்பத்தின் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து தேதியை முத்திரையிடம் மட்டும் கேட்பதில்லை. 'நயா' என்ற சொல்லும் 1964 ஜூனில் போய்விட்டது, ஆகவே நயா பைசாத் தலை என்றால் ஏழு வருஷ இடைவெளிக்குள் வந்துவிடும். இந்திய விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. நம் ஊர் விலாசமும் உதவும். சிங்கப்பூர் 8, சிங்கப்பூர் 2 என்று ஒன்றிரண்டு இலக்கத்தோடு முடிந்தால் 1950க்கும் 1979க்கும் நடுவே. நான்கு இலக்கம் 1979இல் வந்தது, இப்போதுள்ள ஆறு இலக்கம் 1995இல். ஹார்பர் போர்டு என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1964க்கு முன், அந்த வருஷம்தான் அது பிஎஸ்ஏ என்ற துறைமுக ஆணையம் ஆனது. பழக்கத்தில் பழைய பெயரையே எழுதியவர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்கிறேன். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துவந்த பிறகுதான் பர்ஸைத் திறப்பேன்.

தலையிலிருந்து கவருக்கு முத்திரை கோடு விடாமல் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வட்டத்தின் பாதி தலையிலும் பாதி காகிதத்திலும் விழுந்து, இரண்டும் ஒரே மையாக, சரியாகச் சேர்ந்தால் நல்லது. தலையை விட்டதும் கோடு தடம் மாறினால், வேறெங்கிருந்தோ கழற்றி ஒட்டிய தலை. மங்கல் முத்திரையைப் படிக்கக் கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பேன். அதிலும் தெரியாவிட்டால் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஜிம்ப் மென்பொருளில் நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பேன். சிவப்புத் தலைமேல் கறுப்பு மை என்றால், சிவப்பு அடுக்கை மட்டும் வைத்தால் தலை வெளுத்து முத்திரை எழுந்து நிற்கும். என் டின் கவரின் எண்ணை அப்படித்தான் படித்தேன்.

தேடும்போது பழைய எழுத்துக்கூட்டல் முக்கியம். திருச்சியை ஆங்கிலத்தில் ட்ரிச்சினாபோலி என்று எழுதினார்கள், தஞ்சாவூர் டாஞ்சூர், நாகப்பட்டினம் நெகபட்டாம், மயிலாடுதுறை மாயவரம். இன்றைய பெயரை மட்டும் தட்டித் தேடினால் பாதி கண்ணில் படாது. வெளிநாட்டிலிருந்து இணையக் கடை வழியே வாங்கினால் 2023 முதல் சின்னச் சாமானுக்கும் ஜிஎஸ்டி உண்டு, இப்போது 9 விழுக்காடு. பத்து வெள்ளிக் கவருக்குத் தபால் செலவும் வரியும் சேர்ந்து இருபதைத் தாண்டுகிறது. ஒன்றொன்றாக வாங்காமல் ஒருவரிடமே சேர்த்து வாங்குவது அதனால்தான்.

சரி, வாங்கியதை வைப்பதற்கு வருவோம். இதில் என் முட்டாள்தனம் கொஞ்சம் அதிகம். எங்கள் வீட்டு பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சில் பதுங்கும் அறை, எல்லார் வீட்டையும் போல ஸ்டோர் ரூம்தான். இரும்புக் கதவு, காற்று இல்லை. அதில் அரிசி மூட்டைக்கு மேல் தட்டில் பெட்டியை வைத்தேன். ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது ஓரங்களில் பழுப்புப் புள்ளி, இரண்டு கவர்களின் பசைப் பகுதியை இராமபாணப் பூச்சி சுரண்டித் தின்றிருந்தது. இந்த ஊர் ஈரத்தில் காகிதம் தானாகப் பிழைக்காது.

அதைவிட மோசம், பிளாஸ்டிக். அக்கம்பக்கக் கடையில் வாங்கிய மலிவான ஆல்பம், உறைகள் பிவிசி. இரண்டு வருஷத்தில் உறை எண்ணெய் கசிந்தாற்போல் பிசுபிசுத்து, ஒரு முத்திரையின் பாதி மை பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. இப்போது பாலிஎஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறைகள் மட்டும். பெட்டி, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார டிரை கேபினெட்டுக்குள், ஈரப்பதம் 45க்கும் 50க்கும் நடுவே. இன்னும் குறைத்தால் பாதுகாப்பு என்று நினைத்து முதலில் 30க்கு வைத்தேன், பழைய காகிதம் மொறுமொறுவென்று ஆகிவிட்டது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. குறிப்பு எழுதினால் பென்சிலால், அதுவும் கவரில் இல்லாமல் தனிச் சீட்டில். லாமினேட் செய்து கொண்டுவந்த ஒரு நண்பரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது.

இந்திய முத்திரைகளோடு நிற்கலாம் என்றுதான் இருந்தேன். ஒரு கட்டுக் கவரோடு சேர்ந்து ஓர் அமெரிக்கக் கவர் வந்தது. அங்கே இதற்குப் பெயர் ரயில்வே போஸ்ட் ஆபீஸ், சுருக்கமாக ஆர்.பி.ஓ. 1862இல் ஹனிபால், செயின்ட் ஜோசப் வண்டியில் முயன்று பார்த்து, 1864இல் சிகாகோவிலிருந்து கிளின்டனுக்கு முறையாகத் தொடங்கினார்கள். அவர்கள் முத்திரையைப் படிப்பது எனக்கு நம்முடையதைவிடச் சுலபம். தடத்தின் இரு முனை ஊர்களும் எழுதியிருக்கும், 'நியூயார்க் & வாஷிங்டன்' என்பதுபோல. கூடவே வண்டி எண். நிலையத்தில் நிற்காமல் போகும் வண்டி, தூணில் தொங்கும் தபால் பையை இரும்புக் கையால் பிடுங்கிக்கொண்டு போகுமாம். அந்த வண்டிகளில் ஓனி என்றொரு நாய் ஊர் சுற்றியது. 1897இல் செத்துப்போன அதைப் பாடம் செய்து இன்றும் வாஷிங்டன் அஞ்சல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1977 ஜூன் 30இல் கடைசி ஆர்.பி.ஓ. ஓடியது, அதே நியூயார்க், வாஷிங்டன் தடத்தில்தான்.

அந்தக் கடைசி நாள் கவர்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். பிரிட்டனின் கடைசி ரயில் தபால் நாளான 2004 ஜனவரி 9க்கும் அப்படியே. சேகரிப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே அனுப்பிக்கொண்டவை. அழகாக இருக்கும். எனக்குப் பிடிக்காது. உள்ளே கடிதம் இல்லாத கவரில் யார் அவசரமும் இல்லை. ஜெர்மன்காரர்களின் நீள்வட்ட 'பான்போஸ்ட்' முத்திரை கொஞ்சம் ஆசைகாட்டியது, மனைவி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

சிங்கப்பூரிலும் இப்படி ஊர்விட்டு ஊர் போகும் ரயில் இருந்தது, மறந்துவிடுகிறோம். 1903இல் தொடங்கிய முதல் தடம் டேங்க் ரோட்டிலிருந்துதான் கிளம்பியது, தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பக்கத்தில். தைப்பூசத்தில் காவடி பார்க்க நிற்கும்போது இங்கே ரயில் கூவியிருக்கும் என்று யாராவது நினைக்கிறோமா? 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் வந்தது, 2011 ஜூன் 30 இரவோடு அதுவும் முடிந்தது. அன்றிரவு கூட்டத்தோடு நானும் நின்றேன். கையில் ஒரு தபாலும் இல்லாமல்தான். அப்போது எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சுங்கை ரோட்டு டின்னில் கவரோடு கடிதங்களும் இருந்தன. வட்டி, நகை, ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோன கதை. படித்திருக்கக் கூடாது, படித்துவிட்டேன். கைமாறி வந்த கவர்களைப் படமெடுத்துப் பகிரும்போது பெயரையும் வீட்டு எண்ணையும் மறைத்துவிடுவேன். எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் தேக்காவில் என் பக்கத்தில் நின்று காய்கறி வாங்கிக்கொண்டிருக்கலாம்.

என் கவரின் கதைக்கு வருகிறேன். செங்காங் பெரியவர் சொன்ன அன்றிரவே ஊருக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அத்தை அங்கேதான் இருக்கிறார், எழுபதைத் தாண்டியாயிற்று. உள்ளே இருந்த கடிதம் எப்போதோ தொலைந்துவிட்டது, கவர் மட்டும்தான் இருக்கிறது, 1958 நவம்பர், யாராவது ராத்திரி கும்பகோணம் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலில் தபால் போட்டது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"யாராவது என்னடா யாராவது, சின்ன மாமாதான்" என்றார். "அப்பாயி சொல்லச் சொல்ல எழுதி முடிக்கிறதுக்குள்ள இருட்டிடும். மதராஸ்ல கப்பல் கிளம்புற நாளு மாமாவுக்குத் தெரியும். அதைத் தவறவிட்டா அப்புறம் அடுத்த கப்பல் வரைக்கும் கடுதாசி கிடக்கும். சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடுவாரு. ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை." மதராஸிலிருந்து கிளம்பி நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்த ரஜூலா கப்பலைத்தான் சொல்கிறார். எத்தனையோ தடவை என்றால், நான் வெட்டிப்போட்ட கவர்களில் எத்தனையில் அந்த முத்திரை இருந்ததோ. கேட்காமல் விட்டேன்.

கவரின் படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்து ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் குரல் செய்தி வந்தது. அப்பாயிக்கு இங்கிலீஷ் வராது, விலாசம் எழுதியது அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அத்தையாம். "ஹார்பர்ல ஓர் எழுத்து விட்டிருக்கேன் பாரு. அப்பவே மாமா சொன்னாரு, திருத்த நேரமில்லன்னு அப்படியே எடுத்துட்டுப் போயிட்டாரு."

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், ஓர் எழுத்து இல்லை.